வைன் பட்டியலுக்குப் புள்ளி போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பெரிய ஸ்டேக் உணவகங்களின் வைன் பட்டியல்களைப் படித்து, புள்ளி போட்டு, விருது கொடுக்கிறவர்கள் நீங்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் போத்தலை மேசைக்குக் கொண்டுபோய்த் திறந்து ஊற்றுகிறவன் நான். ஊர் சுங்கை சிப்புட், பேராக். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். கோலாலம்பூரில் பல வருடம் ஸ்டேக் கடைகளில் வேலை பார்த்துவிட்டு, அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பிவிட்டேன். இப்போது வார இறுதியில் ஈப்போவில் வேலை. மற்ற நாள்களில், ஹோட்டல் வேலைக்குப் போக நினைக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கிறேன்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லிவிடலாம். ஆனால் இந்த வேலையைச் செய்யும் நம் பிள்ளைகளும் இதைப் படிக்கவேண்டும், தங்களுக்காக ஒருவன் கேட்டிருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரியவேண்டும்.

கேட்பது ஒன்றுதான். பட்டியலை உங்கள் மேசையில் வைத்துப் படித்துப் புள்ளி போடாதீர்கள், எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்து போடுங்கள். இப்போது நடப்பது கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தே விருந்துக்குப் புள்ளி போடுவது போல இருக்கிறது.

இது எனக்கு மட்டும் தோன்றும் குறை இல்லை, உலகத்துக்கே தெரிந்த கதை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் வைன் ஸ்பெக்டேட்டர் பத்திரிகை 1981-இலிருந்து உணவகங்களின் வைன் பட்டியலுக்கு விருது கொடுத்து வருகிறது. மூன்று படிகள். முதல் படிக்குக் குறைந்தது 90 வைன்கள் வேண்டும், இரண்டாவதற்கு 350, மேல் படிக்கு 1,000. 2008-இல் ராபின் கோல்ட்ஸ்டீன் என்ற எழுத்தாளர், மிலான் நகரில் ஓர் உணவகம் இருப்பதாகச் சொல்லி, ஒரு பெயர் வைத்து, இணையப் பக்கம் போட்டு, மெனுவும் வைன் பட்டியலும் தயாரித்து, 250 டாலர் கட்டணத்தோடு விண்ணப்பித்தார். அப்படி ஒரு உணவகமே கிடையாது. விருது கிடைத்தது. அதிலும், ‘சிறப்பு வைன்கள்’ என்று அவர் போட்ட பகுதியில் இருந்தவை அதே பத்திரிகை முன்பு மோசம் என்று குறைந்த புள்ளி கொடுத்திருந்த இத்தாலிய வைன்கள். பத்திரிகை தன் பக்கத்து நியாயத்தையும் சொன்னது. பட்டியலில் மொத்தம் சுமார் 250 வைன்கள் இருந்தன, மோசமானவை அதில் கொஞ்சம்தான், தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தோம், பதிவுக் குரல்தான் வந்தது என்றார்கள். சரி, அந்த நியாயத்தை நான் ஒதுக்கவில்லை. பட்டியல் என்ற அளவில் அது உண்மையிலேயே மோசமில்லாத பட்டியலாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கடையில் ஒரு நாற்காலி இல்லை, ஒரு கிளாஸ் இல்லை, ஊற்ற ஓர் ஆள் இல்லை, இது எதுவும் புள்ளியில் தெரியவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

பொய்க் கடை வரைக்கும் போகவேண்டாம், உண்மையான கடைகளிலேயே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், விண்ணப்பம் அனுப்பும் மாதம் வந்தால் பட்டியல் திடீரென்று தடித்துவிடும். விநியோகிப்பாளரிடம் பேசி, வகைக்கு ஒன்றோ இரண்டோ போத்தல் வாங்கிப் போடுவார்கள். சில வைன்களுக்குப் பெயர் மட்டும்தான் வரும், போத்தல் வராது. விருது வந்து கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டிய பிறகு, அந்தப் பெயர்களைப் பார்த்து ஆசையாகக் கேட்கும் வாடிக்கையாளரிடம் ‘மன்னிக்கவும், இப்போது இல்லை’ என்று சொல்வது யார்? நாங்கள்தான். இரண்டாவதாகக் கேட்டதும் இல்லை என்று ஆகும்போது வாடிக்கையாளர் முகத்தில் வரும் எரிச்சலை முதலாளி பார்ப்பதில்லை, நீங்களும் பார்ப்பதில்லை, அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பையன் தலை குனிந்து நின்று வாங்கிக்கொள்கிறான்.

அப்புறம் ஆண்டு, அதாவது திராட்சை அறுத்த வருடம். பட்டியலில் 2015 என்று அச்சடித்திருக்கும், மேசைக்கு வருவது 2018 ஆக இருக்கும். ஒரே பண்ணை, ஒரே லேபிள், ஆனால் வெயிலும் மழையும் வேறாக இருந்த வருடம், அதனால் வைனும் வேறு. நேர்மையான கடையில் திறப்பதற்கு முன்னால் லேபிளைக் காட்டி, ‘ஐயா, இது 2018, பட்டியலில் உள்ளது முடிந்துவிட்டது, பரவாயில்லையா?’ என்று கேட்பார்கள். பல கடைகளில் லேபிளை விரலால் மறைத்தபடி காட்டிவிட்டுத் திறந்துவிடுவார்கள். தாளில் இரண்டு கடைக்கும் ஒரே புள்ளி விழுகிறது.

ஸ்டேக் கடைக்கு வருவோம், ஏனென்றால் ஸ்டேக் கடையின் பட்டியலுக்கு என்று தனி நியாயம் உண்டு. எல்லாரும் தடித்த சிவப்பு வைனைக் குவிக்கிறார்கள். பிரான்சின் போர்டோ, கலிபோர்னியாவின் நாப்பா, ஆஸ்திரேலியாவின் பரோசா. அது ஒரு காரணத்தோடு வந்த பழக்கம்தான். கபெர்னே சோவினியோன் மாதிரியான திராட்சையின் தோலிலும் விதையிலும் டானின் நிறைய இருக்கிறது, பாக்கிலும் கடுந்தேநீரிலும் நாக்கை இழுத்துப் பிடிக்கும் அதே துவர்ப்பு. அது நம் உமிழ்நீரில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் வாய் வறண்டு போகிறது. இறைச்சியை மென்றுகொண்டு குடித்தால் அந்தப் பிடியில் ஒரு பங்கு இறைச்சியின் புரதத்துக்குப் போய்விடும், கொழுப்பும் உப்பும் சேர்ந்து துவர்ப்பை இறக்கிவிடும், பழத்தின் சுவை மேலே வரும். கொழுப்பு ஓடிய ரிப்-ஐ துண்டுக்குக் கபெர்னே பொருந்துவது அதனால்தான்.

ஆனால் கடையில் ரிப்-ஐ மட்டுமா விற்கிறது? டெண்டர்லொயின் கொழுப்பு குறைந்த, மெத்தென்ற துண்டு. அதோடு கனத்த கபெர்னேயை ஊற்றினால் இறைச்சி காணாமல் போய்விடும், பினோ நுவார் என்ற மெல்லிய சிவப்பு வைனில் நல்லதாக ஒன்று போதும். வாக்யூ, ஜப்பானிய மாட்டினத்தின் கொழுப்பு வரி ஓடிய இறைச்சி, இன்னொரு பக்கம். ஆஸ்திரேலியாவில் கொழுப்பு வரிகளை 0 முதல் 9 வரை அளக்கிறார்கள், ஜப்பானில் 12 வரை. மேல் எண்ணில் இருக்கும் துண்டு வாயில் வெண்ணெயாகக் கரையும், அதை இரண்டு மூன்று வாய்க்கு மேல் சாப்பிட முடியாது. அதற்குப் புளிப்பு தூக்கலாக உள்ள வைன் வேண்டும், ஷாம்பெய்ன்கூட நன்றாக ஒத்துப்போகும். அதைவிட, நம் ஊரில் ஸ்டேக்கின் மேல் மிளகுச் சாறு ஊற்றாமல் யார் சாப்பிடுகிறார்கள்? பக்கத்தில் சில்லி சோஸ் கேட்கிறவர்களும் உண்டு, நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன், அவர்கள் நாக்கு அவர்கள் உரிமை. காரத்தின் மேல் 15 விழுக்காடு சாராயம் உள்ள வைனை ஊற்றினால் எரிச்சல்தான் கூடும். அந்த மேசைக்கு, பழச்சுவை முன்னால் நிற்கும், துவர்ப்பும் சாராயமும் குறைவாக உள்ள ஒன்று பட்டியலில் இருக்கிறதா? இருபது நாப்பா கபெர்னே வைத்திருக்கும் கடையில் அப்படி ஒன்றுகூட இல்லாமல் நான் தவித்திருக்கிறேன்.

மால்பெக் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், எனக்கும் பிடிக்கும். பிரான்சின் காஓர் பக்கத்துத் திராட்சை, 1853-இல் அர்ஜென்டினாவுக்குப் போய், மெண்டோசாவின் உயரமான நிலங்களில் பிறந்த ஊரைவிடப் பேர் வாங்கிவிட்டது. கடல் கடந்து போன இடத்தில் வேர் பிடித்த கதை என்பதால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான், உடனே மனத்தில் நின்றுவிடும். சீலேயில் மெர்லோ என்று நினைத்து வளர்த்தவற்றில் பெரும் பகுதி வேறு திராட்சை, கார்மெனேர், என்று 1994-இல் ஒரு பிரெஞ்சு ஆய்வாளர் வந்து பார்த்துச் சொன்ன கதையும் அப்படியே. இந்தக் கதை தெரிந்த பிள்ளை மேசையில் ஒரு நிமிடம் பேசினால், 180 ரிங்கிட் போத்தல் 800 ரிங்கிட் போத்தலைவிட அந்தக் குடும்பத்துக்கு நிறைவாக இருக்கும். பட்டியலில் எத்தனை பெயர் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, மெனுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்தத் துண்டுக்கு இது, இந்தச் சாறுக்கு இது என்று யாராவது யோசித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அறுபது வைன் உள்ள கடை அறுநூறு வைன் உள்ள கடையைத் தோற்கடிக்கும் இடம் அது.

இப்போது வெப்பம். இதைச் சொல்லாமல் மலேசியாவில் வைனைப் பற்றிப் பேசவே கூடாது.

சிவப்பு வைனை ‘அறை வெப்பத்தில்’ பரிமாறவேண்டும் என்ற வழக்கம் ஐரோப்பாவின் பழைய கல் வீடுகளில் பிறந்தது. அவர்கள் சொன்ன அறை 16, 18 டிகிரி. நம் அறை 30. போத்தலைப் பத்திரமாக வைக்க 12 முதல் 14 டிகிரி வேண்டும். நல்ல கடைகளில் வைன் அலமாரி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலமாரிக்குள் போவது விலை உயர்ந்தவை. கிளாஸ் கணக்கில் விற்கும் சாதாரண போத்தல்கள் எங்கே நிற்கின்றன தெரியுமா? கவுண்டருக்குப் பின்னால், விளக்கு வெளிச்சத்தில், சில கடைகளில் கரி அடுப்பிலிருந்து நாலடி தூரத்தில். ஒருமுறை ஒரு கடையில் அந்த வரிசையிலிருந்து ஒரு போத்தலை எடுத்துப் பார்த்தேன். மூடியின் மேல் உறையைத் தடவினால் வழுவழுப்பாக இல்லை, நடுவில் மேடு தட்டியது. சூட்டில் உள்ளே வைன் விரிந்து கார்க்கை மேலே தள்ளியிருக்கிறது. உறையின் ஓரத்தில் ஊதா நிறத்தில் காய்ந்த கோடு ஒன்று கழுத்து வரை இறங்கி, லேபிளின் மேல் முனையில் பிசுபிசுத்தது. திறந்து மோந்தால் வேகவைத்த பழத்தின் வாடை, ஜாம் வாடை. அதே வைனின் பெயர் அந்தக் கடையின் பட்டியலில் அழகான எழுத்தில், பண்ணை, வட்டாரம், ஆண்டு எல்லாம் பிழையில்லாமல் அச்சாகியிருந்தது. எழுத்துப்பிழை இல்லாததற்கு அவர்களுக்குப் புள்ளி கிடைத்திருக்கும்.

அதனால் நீங்கள் வரும்போது பையில் ஒரு சிறிய வெப்பமானி வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்படவேண்டியதில்லை. கிளாஸில் ஊற்றிய உடன் பாருங்கள். 18-க்கு மேல் நாலைந்து டிகிரி ஏறியிருந்தால், ‘கொஞ்ச நேரம் ஐஸ் வாளியில் வையுங்கள்’ என்று கேளுங்கள். கேட்டவுடன் மறுபேச்சுப் பேசாமல் வாளி கொண்டுவரும் கடைக்கு ஒரு புள்ளி. கேட்காமலேயே கொண்டுவந்தால் இரண்டு. சிவப்பு வைனுக்கு வாளியா என்று விழிக்கும் கடைக்கு, அவர்கள் பட்டியலில் போர்டோவின் உச்சப் பெயர்களான லாஃபீத் இருந்தாலும் சரி, மார்கோ இருந்தாலும் சரி, ஒன்றும் கிடையாது.

கிளாஸ் விற்பனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு போத்தல் 750 மில்லி, 150 மில்லியாக ஊற்றினால் ஐந்து கிளாஸ். முதல் கிளாஸிலேயே போத்தலின் வாங்கிய விலையை எடுத்துவிடவேண்டும் என்பது பல கடைகளின் கணக்கு, அந்தக் கணக்கைக்கூட நான் மன்னித்துவிடுவேன், வாடகையும் சம்பளமும் கட்டவேண்டுமே. மன்னிக்க முடியாதது, திங்கள்கிழமை திறந்த போத்தலை வெள்ளிக்கிழமை ஊற்றுவது. திறந்த சிவப்பு வைன் இரண்டு மூன்று நாள் தாங்கும், அதுவும் குளிரில் வைத்தால். இப்போது கார்க்கை எடுக்காமலேயே மெல்லிய ஊசியால் வைனை எடுத்து, உள்ளே ஆர்கான் வாயுவை விடும் கொராவின் என்ற கருவி 2013-இலிருந்து சந்தையில் இருக்கிறது. வாங்க முடியாதவர்கள் போத்தல் கழுத்தில் திறந்த தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டினாலே போதும், காசு செலவில்லை. அந்த டேப் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள்.

சின்ன அளவுகளுக்கும் மதிப்புக் கொடுங்கள். 2020 அக்டோபரிலிருந்து நம் நாட்டில் வாகனம் ஓட்டுகிறவர் இரத்தத்தில் இருக்கலாம் என்று சட்டம் விடும் சாராய அளவு 100 மில்லிக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைந்துவிட்டது. தண்டனையும் ஏறிவிட்டது. குடிபோதையில் ஓட்டியவர்களால் எத்தனை வீட்டில் இழவு விழுந்தது என்று எல்லாருக்கும் தெரியும், சட்டம் இறுகியது நியாயம்தான். அப்படியிருக்க, இரண்டு பேர் வந்து ஒருவர் வண்டி ஓட்டவேண்டிய மேசையில் முழுப் போத்தலைத் தள்ளும் பட்டியல் நல்ல பட்டியலா? 375 மில்லி அரைப் போத்தல்கள், 75 மில்லி சுவைப்பு அளவு, சாராயமே இல்லாத ஒரு நல்ல பானம், இவை பட்டியலில் இருந்தால் அதை எழுதியவர் வாடிக்கையாளர் வீடு போய்ச் சேருவதைப் பற்றியும் நினைத்திருக்கிறார் என்று அர்த்தம். உங்கள் படிவத்தில் அதற்கு ஓர் இடம் வேண்டும்.

விலை. பட்டியலில் 300 ரிங்கிட் என்று இருக்கும், ஓரத்தில் இரண்டு கூட்டல் குறி. பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், ஆறு விழுக்காடு சேவை வரி, எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 350 ஆகிவிடும். இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025-இலிருந்து மாதம் 1,700 ரிங்கிட். பட்டியலின் கடைசிப் பக்கத்தில் உள்ள ஒரு போத்தல், அதைத் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளையின் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். அந்தப் போத்தல் இருக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அது இருப்பதற்காக மட்டும் புள்ளி போடாதீர்கள் என்கிறேன். பட்டியலின் கீழ் விலைப் பகுதியைப் படியுங்கள். அங்கேதான் எழுதியவரின் கை தெரியும். விலை உயர்ந்த வைனைத் தேர்ந்தெடுக்கப் பணம் போதும். 150 ரிங்கிட்டுக்குள் நல்லதாக ஐந்து தேடி வைக்க உழைப்பு வேண்டும், நாக்கு வேண்டும்.

ஒரு மேசையைச் சொல்கிறேன். அப்பாவுக்கு அறுபதாம் வயது, பிள்ளைகள் கூட்டி வந்திருக்கிறார்கள். தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. மாட்டிறைச்சி சாப்பிடாத குடும்பம், ஆட்டு விலாவும் மீனும் சொல்லியிருந்தார்கள். ஸ்டேக் கடைக்கு இப்படி வருகிறவர்கள் நிறையப் பேர், இடம் அழகாக இருக்கிறது, கொண்டாட வருகிறார்கள். மகன் பட்டியலை அப்பாவிடம் நீட்டி, ‘எது வேணும்னாலும் சொல்லுங்கப்பா’ என்கிறார். அப்பாவின் கண் பெயர்களுக்குப் போகவே இல்லை. ஆள்காட்டி விரல் வலது பக்க விலை வரிசையில் மேலிருந்து கீழே மெதுவாக இறங்குகிறது, கீழே போனதும் நிற்கிறது, மறுபடி கொஞ்சம் மேலே ஏறுகிறது, மகன் பார்க்கிறானா என்று ஒரு பார்வை. மேசைக்குப் பொறுப்பாக இருந்தது லிந்தாங் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், நான் பழக்கிவிட்டவள். அவள் குனிந்து, அந்த விரல் நின்ற இடத்துக்கு ஒரு வரி கீழே காட்டி, ‘அங்கிள், ஆட்டுக்கு இது நல்லா சேரும், ஸ்பெயின் ரியோஹா, ரெண்டு வருசம் வச்சிருந்து வெளிய விட்டது, துவர்ப்பு அதிகமா இருக்காது’ என்றாள். விரல் அந்த வரிக்கு இறங்கியது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, ‘அதையே கொண்டு வாம்மா’ என்றார், தேர்ந்தெடுத்தவர் தோரணையில். மகனுக்கும் பெருமை. அப்பாவுக்குக் கூச்சம் இல்லை. கடைக்கு விற்பனை.

அந்தப் பெண் குடிக்கமாட்டாள், மாட்டிறைச்சியும் சாப்பிடமாட்டாள். மோந்து பார்ப்பாள், வாயில் வைத்துச் சுழற்றித் துப்பிவிடுவாள், நோட்டில் எழுதிக்கொள்வாள். உலகத்து வைன் தேர்வாளர்கள் எல்லாரும் வேலை நேரத்தில் துப்பத்தான் செய்கிறார்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. கார்க் கெட்டுப்போன போத்தலை, அந்த ஈர அட்டைப்பெட்டி வாடையை, எங்கள் எல்லாருக்கும் முன்னால் கண்டுபிடிக்கிறவள் அவள்தான்.

இந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். தோட்டத்தில் குடி என்பது எங்கள் வீடுகளுக்குள் புகுந்து உதைத்த ஒன்று. கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்து, கொடுத்த சம்பளத்தை அங்கேயே திரும்ப வாங்கிய காலம் உண்டு. 1941-இல் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள், சம்பள உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லியும் கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற கட்டாயத்தை எடுக்கச் சொன்ன அதே கோரிக்கைகளோடு அதுவும் இருந்தது, இரண்டுமே மானப் பிரச்சினை. கள்ளுக்குப் பிறகு சம்சு வந்தது. மலிவுச் சாராயம் இன்றைக்கும் உயிரைக் குடிக்கிறது, 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்ததைக் குடித்துப் பலர் இறந்தார்கள், பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு பெண் வைன் ஊற்றும் வேலைக்குப் போகிறாள் என்றால், அம்மா கோவிலில் பார்க்கும் சொந்தக்காரர்களிடம் ‘ஹோட்டல்ல வேலை’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். என் அம்மாவும் அப்படித்தான் சொல்லி வந்தார்.

எனக்கு அந்த அம்மாக்கள்மேல் வருத்தம் இல்லை, அவர்கள் பார்த்ததை நாம் பார்க்கவில்லை. ஆனால் குடி என்ன செய்யும் என்று வீட்டிலேயே பார்த்து வளர்ந்த பிள்ளைதான், ‘சார், இதுக்கு மேல வேண்டாம், தண்ணி கொண்டு வரட்டுமா’ என்று ஒரு பெரிய மனிதரிடம் பணிவாகச் சொல்லத் தெரிந்தவள். இருபத்தொரு வயது ஆகாதவருக்கு ஊற்றக்கூடாது என்று 2017 டிசம்பரிலிருந்து சட்டம் இருக்கிறது. பிறந்தநாள் கொண்டாட்டத்தில் மகனுக்கும் ஒரு கிளாஸ் என்று அப்பாவே கேட்கும்போது, அடையாள அட்டையைப் பார்க்கவேண்டும் என்று சிரித்த முகத்தோடு நிற்பதும் இவர்கள்தான். வைன் பட்டியலின் தரம் என்று நீங்கள் சொல்வதில் பாதி இவர்கள் கையில் இருக்கிறது. இவர்களில் ஒருவர் பெயரும் வாசலில் மாட்டும் எந்த விருதுத் தாளிலும் இல்லை. பட்டியலை எழுதிய ஆலோசகர் எப்போதோ வந்து போனவர், அவர் பெயர் இருக்கிறது.

லண்டனில் 1969-இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற வைன் கல்வி அமைப்பின் தேர்வுகளை இங்கேயே எழுதலாம், முதல் நிலையிலிருந்து மேலே போகலாம். கட்டணத்தை எங்கள் பிள்ளைகளால் ஒரே தடவையில் கட்ட முடியாது, முதலாளி கட்டினால்தான் உண்டு. விருதுக்கான விண்ணப்பத்துக்கும், பட்டியலுக்குத் தோல் அட்டை போடவும் செலவு செய்யும் முதலாளி, ‘படிச்சிட்டு வேற கடைக்குப் போயிடுவாங்க’ என்று இதற்குக் கை விரிக்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கை திரும்பும். ஏனென்றால் உங்கள் புள்ளிக்காக அவர்கள் எதையும் செய்வார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 350 வைன் வேண்டும் என்றீர்கள், எப்படியோ சேர்த்தார்கள். பயிற்சி பெற்ற நாலு பேர் வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், சேர்ப்பார்கள்.

அதனால் கேட்கிறேன். சொல்லாமல் வாருங்கள். சனிக்கிழமை வேண்டாம், அன்றைக்கு எல்லாக் கடையும் நன்றாகத்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை ராத்திரி, மேலாளர் விடுப்பில் இருக்கும் நாளாகப் பார்த்து வாருங்கள். மலிவான சிவப்பு வைனில் ஒரு கிளாஸ் கேளுங்கள், போத்தலைக் காட்டச் சொல்லுங்கள், எப்போது திறந்தது என்று கேளுங்கள். பட்டியலின் நடுப்பக்கத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு மூன்று பெயரைத் தொட்டு, இருக்கிறதா என்று கேளுங்கள். மிளகுச் சாறோடு ஸ்டேக் சொல்லி, அதற்கு எது சேரும் என்று பரிமாறும் பிள்ளையிடம் கேளுங்கள், பதில் வரும்வரை அவசரப்படுத்தாதீர்கள். ஆங்கிலம் தடுமாறினால் மலாயிலோ தமிழிலோ சொல்லச் சொல்லுங்கள், விஷயம் தெரிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி, உச்சரிப்பு இல்லை. எல்லாக் கடைக்கும் நேரில் போக ஆளும் பணமும் இல்லை என்றால், மேல் படி விருதுக்கு வந்து நிற்கும் கடைகளுக்காவது போங்கள். மற்றவர்களிடம் அலமாரியின் இருப்புக் கணக்கையும் கடந்த மூன்று மாதம் விற்ற பில்களையும் கேட்டு வாங்குங்கள், பட்டியலில் உள்ளதும் விற்றதும் ஒத்துப்போகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்த வருடப் படிவத்தில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். இந்தப் பட்டியலை மேசையில் விளக்குகிறவர்கள் யார் யார், பெயரோடு. அவர்களுக்கு இந்த வருடம் என்ன பயிற்சி கொடுத்தீர்கள், யார் செலவில். விருது கொடுக்கும்போது அந்தப் பெயர்களையும் விருதுத் தாளில் அச்சடித்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டிலிருந்து, வைன் ஊற்றுகிறவன்